டி7200-லிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் சோலைக்குள் படம் தெளிவாகுமா?

கோத்தகிரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கோத்தகிரி பக்கம், தேயிலை ஃபேக்டரியில் வேலை, ஷிஃப்ட் முடிந்த நேரம்தான் கேமராவுக்கு. கையில் இருப்பது நிக்கான் டி7200, 200-500 எஃப் 5.6, அப்புறம் 18-140, 35 எஃப் 1.8. கடைசி இரண்டும் டிஎக்ஸ் லென்ஸ், அதாவது டி7200 மாதிரி சின்ன சென்சாருக்கானவை. எடுப்பது பெரும்பாலும் பறவைதான். லாங்வுட் சோலைக் காட்டுக்கு அனுமதி கிடைக்கும்போது அங்கே, இல்லையென்றால் எஸ்டேட்டை ஒட்டியிருக்கும் சோலைத் துண்டுகளின் ஓரம்.

பிரச்சினை வெளிச்சம். மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சோலைக்குள் காலை பத்து மணிக்கும் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம்தான் இருக்கும், ஆடி மாத மூடுபனியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 500-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்க வழியில்லை, ஷட்டரை 1/250-இல் வைத்தாலே ஐஎஸ்ஓ 6400-க்கு ஏறிவிடுகிறது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் நீலகிரி ஈப்பிடிப்பானின் நீலம் முழுக்கப் புள்ளிமயம் (நாய்ஸ்), இறகின் கோடு எதுவும் தெரிவதில்லை.

குன்னூரில் கல்யாணம் எடுக்கும் நண்பர் தன் ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமரா) 6400-இல் எடுத்த படத்தைக் காட்டினார். அவ்வளவு சுத்தம்! "நீயும் மாறிடு, நாய்ஸ் தொல்லை தீர்ந்துடும்" என்கிறார். தெரிந்த ஒருவர் பழைய நிக்கான் டி750 ஃபுல் ஃபிரேம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) தருவதாகச் சொல்கிறார். கையில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் சேர்த்து வைத்திருக்கிறேன், இதைப் போட்டுவிட்டால் அடுத்து எப்போது வாங்குவேன் என்று தெரியாது. என் சோலைப் படங்கள் உண்மையிலேயே தெளிவாகுமா? 500 எம்எம் "குட்டையாகிவிடும்" என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

தொட்டபெட்டா:

தம்பி, நண்பர் காட்டிய படம் பொய்யில்லை. ஆனால் அது கல்யாண மண்டபம். மணமக்களை நோக்கி இரண்டடி முன்னால் வைத்தால் ஃபிரேம் நிறைந்துவிடும். நீங்கள் ஈப்பிடிப்பானை நோக்கி இரண்டடி வைத்தால் அது போய்விடும். விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 13 செ.மீ. நீளமுள்ள பறவை 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் 500-இல் எடுக்கிறீர்கள். சென்சார் மேல் விழும் அதன் பிம்பம் ஏறக்குறைய 6.5 மி.மீ. இது லென்ஸும் தூரமும் தீர்மானிப்பது, பின்னால் எந்த பாடி இருந்தாலும் அதே 6.5 மி.மீ.தான். டி7200 சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ., அதில் 24 மெகாபிக்சல். டி750 சென்சார் கிட்டத்தட்ட 36-க்கு 24, அதிலும் 24 மெகாபிக்சல்தான். அதாவது அதே எண்ணிக்கை பிக்சலை இரண்டே கால் மடங்கு பெரிய இடத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். அந்த 6.5 மி.மீ. பறவை டி7200-இல் சுமார் 1650 பிக்சல் நீளத்துக்கு வரும், டி750-இல் 1100-ஐத் தொடாது. நீங்கள் வீட்டுக்கு வந்து பறவை அதே அளவு தெரியும்படி கிராப் செய்தால் கையில் மிஞ்சுவது 10 மெகாபிக்சலும் கொஞ்சமும்.

சரி, நாய்ஸாவது குறையுமே என்பீர்கள். குறையாது. பெரிய சென்சாரின் பலம் என்பது அது மொத்தமாகப் பிடிக்கும் வெளிச்சம் இரண்டே கால் மடங்கு என்பதுதான், ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (வெளிச்சம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்). அந்தக் கூடுதல் வெளிச்சம் விழுவது பறவையைச் சுற்றியுள்ள இலை, பாசி, கிளை மேல். கிராப் செய்யும்போது அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறீர்கள். பறவையின் மேலிருந்து வந்த வெளிச்சம் இரண்டு கேமராவிலும் ஒன்றே, ஆகவே புள்ளியும் ஏறக்குறைய ஒன்றே. பறவைக்காக டி750 வாங்குவது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஹில்குரோவ் ரயில்:

நானும் குன்னூர், கல்யாணம் எடுக்கிறவள்தான், ஆனால் அந்த நண்பர் நான் இல்லை :) தொட்டபெட்டா அண்ணா சொன்ன கணக்கு சரி. ஃபுல் ஃபிரேமால் என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிப்பவர்கள் அது தேவையே இல்லை என்று நினைத்துவிடுவார்கள்.

ஃபிரேமை நிரப்ப முடிகிற எந்த இடத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஃபுல் ஃபிரேமின் 6400, டிஎக்ஸில் 3000-க்குப் பக்கத்தில் எடுத்த மாதிரி இருக்கும். மண்டபத்து மஞ்சள் லைட்டில், விடிவதற்கு முன்னால் நடக்கும் முகூர்த்தத்தில், அந்த ஒரு ஸ்டாப்தான் எனக்குச் சோறு போடுகிறது. மலை ரயிலை எடுக்கும்போதும் அப்படித்தான். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல் தண்டவாளத்தில் ரயில் மெதுவாகத்தான் ஏறும், நிதானமாக வைடு லென்ஸில் எடுக்கலாம், நீராவி எஞ்சினின் கறுப்பிலும் புகையின் வெள்ளையிலும் விவரம் நிற்கிறது. இரவு வானம் எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பிப்ரவரி, மார்ச்சில் விடியலுக்கு முன் பால்வெளி எழும்பும்போது 20 எம்எம் எஃப் 1.8-ஐ ஃபுல் ஃபிரேமில் மாட்டிப் பார்த்தால் வேறு கேமராவைத் தொட மனசு வராது.

லென்ஸ் செலவை மறக்க வேண்டாம். உங்கள் 18-140-உம் 35-உம் டி750-இல் மாட்டும், ஆனால் பாடி தானாகவே டிஎக்ஸ் கிராப்புக்குப் போய்விடும், அதே 10 மெகாபிக்சல்தான். ஆக பாடியோடு 24-120 மாதிரி ஒன்றும் வாங்கியாக வேண்டும், அப்போது உங்கள் ஒரு லட்சம் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடை கூடும் என்று பயப்படாதீர்கள், பாடிக்கும் பாடிக்கும் 75 கிராம்தான் வித்தியாசம். முதுகை ஒடிப்பது 2300 கிராம் 200-500, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

கோத்தகிரிக்காரன்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்தேன். அண்ணா சொன்னது சரிதான், நல்ல படம் என்று எடுத்து வைத்ததில் பெரும்பாலானவை பாதிக்கு மேல் கிராப் செய்தவை. ஆனால் ஒரு சந்தேகம். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் மட்டும் கிராப் இல்லாமலே ஃபிரேம் நிறைந்து நிற்கிறது. அதுக்கு மட்டும் ஃபுல் ஃபிரேம் உதவுமா?

சோலைக்குருவி:

நல்ல கேள்வி, இதைத்தான் சொல்ல வந்தேன். பறவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையை ஒட்டிய புதரில், முழங்கால் உயரத்துக் குச்சியில் வந்து உட்காரும். நாம் அசையாமல் குத்த வைத்து உட்கார்ந்தால் மூன்று மீட்டருக்குப் பக்கத்தில் வந்துகூட நம்மைக் கண்டுகொள்ளாது. ஆணின் தலை, சிறகு கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. அந்த வெளிச்சத்தில் கறுப்பிலும் விவரம் வேண்டும், ஆரஞ்சும் வெளுத்துப் போகக் கூடாது, சென்சாருக்கு அது பெரிய சோதனை. அங்கே ஃபுல் ஃபிரேம் நிச்சயம் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. 200-500-உம் 2.2 மீட்டர் வரை ஃபோகஸ் செய்யும். ஆனால் நீலகிரி சிரிப்பான் கூட்டமாகக் கத்திக்கொண்டு புதருக்குள்ளேயே ஓடும், காட்டுப்புறா உச்சாணிக் கொம்பில் இருக்கும், அங்கெல்லாம் டிஎக்ஸ்தான் கைகொடுக்கும். உங்கள் படங்களில் எது அதிகம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

புள்ளிக்குக் காரணம் ஐஎஸ்ஓ எண் இல்லை, வெளிச்சம் போதாததுதான். ஈப்பிடிப்பான் பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டுத் திரும்ப வந்து சில நொடி அசையாமல் இருக்கும். அப்போது 1/250 எதற்கு? ஒற்றைக்கால் மோனோபாடில் வைத்து, லென்ஸில் ஆட்டம் குறைக்கும் விஆர் போட்டு, 1/60-க்கு இறக்கி நாலைந்து படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள், ஒன்றாவது கூர்மையாக வரும். ஷட்டரில் மட்டும் இரண்டு ஸ்டாப் கிடைத்துவிட்டது, சென்சார் மாற்றினாலும் இவ்வளவு கிடைக்காது. கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலில் எடுங்கள். லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் வந்த, புள்ளி நீக்கும் டினாய்ஸ் வசதி ரா ஃபைலில் நன்றாக வேலை செய்கிறது, பழைய படங்களையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூடுபனி வேறு விஷயம். பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் பனி நின்றால் எந்த சென்சாராலும் ஒன்றும் செய்ய முடியாது, கிட்டப் போவது ஒன்றுதான் வழி.

பாடி மாற்றியே ஆக வேண்டுமென்றால் உள்ளே கண்ணாடி இல்லாத நிக்கான் இசட்50-இன் இரண்டாம் மாடலைப் பாருங்கள், 2024 கடைசியில் வந்தது. டிஎக்ஸ்தான், 20.9 மெகாபிக்சல், நாய்ஸில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள், பாடிக்குள் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது, லென்ஸின் விஆரை நம்பியே இருக்க வேண்டும். ஆனால் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், சத்தமில்லாமல் எடுக்கலாம். அமைதியான சோலைக்குள் டி7200-இன் கண்ணாடி அடிக்கும் சத்தத்துக்கு நீலகிரி புளூ ராபின் எப்படி மறைகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உங்கள் 200-500, பழைய நிக்கான் லென்ஸை இசட் பாடியில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஏதாவது வைத்திருந்தால் அது மட்டும் ஆட்டோஃபோகஸ் ஆகாது.

காசைக் கொடுப்பதற்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு ஃபுல் ஃபிரேமை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து வாருங்கள். அதே புதர், அதே நேரம், அதே 500, இரண்டு பாடியும் மாற்றி மாற்றி. பிறகு இரண்டு படத்தையும் பறவை ஒரே அளவு தெரியும்படி வைத்துப் பாருங்கள்.

தொட்டபெட்டா:

பழையது எதை வாங்கினாலும் டார்ச் எடுத்துப் போங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து முன்னாலிருந்து பாருங்கள், நூல் நூலாக வெள்ளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் தொடாதீர்கள். பாடியில் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். நம் மலை ஈரத்துக்கு ஏற்கெனவே இருக்கிற 200-500-ஐயும் துணிப் பையில் வைக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும், ஒரு சின்ன மீட்டரும் உள்ளே போட்டுவிடுங்கள். புது பாடியைவிட இதுதான் முதல் செலவு.

கோத்தகிரிக்காரன்:

டி750 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு கோவை போகிறேன், வாடகைக்கு ஃபுல் ஃபிரேம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று காலை 1/60-இல் முயன்றேன், பாதி படம் ஆடிப்போனது, ஆனால் நின்ற ஒன்றிரண்டில் ஐஎஸ்ஓ 1600, தொண்டை இறகு தெரிகிறது! இசட்50 எடுத்தால் எஃப்டிஇசட் பழையதா புதியதா, எது வாங்க?

சோலைக்குருவி:

இரண்டிலும் ஆட்டோஃபோகஸ் ஒன்றுதான். பழையதில் அடியில் டிரைபாட் மாட்டும் கால் துருத்திக்கொண்டிருக்கும், 2021-இல் வந்த எஃப்டிஇசட் 2-இல் அதை எடுத்துவிட்டார்கள். 200-500-க்கு அதன் சொந்தக் காலர் இருக்கிறது, மோனோபாடை அதில்தான் மாட்டப் போகிறீர்கள், அதனால் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். வாடகைக் கேமராவோடு போகும்போது அந்தக் கருப்பு ஆரஞ்சையும் சிரிப்பானையும் இரண்டு பாடியிலும் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.