மகாவலிக் கரையில் பறவை பார்க்க: கூடாரம் அடிக்கலாமா?

உவர்மலை வாசி:
வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பக்கம் ஆற்றோரச் சதுப்புகளில் பறவை பார்க்கப் போக ஆசை. மகளுக்குப் பத்து வயது, பறவை என்றால் உயிர். விடியும்போதே அங்கே நிற்க வேண்டும் என்பதால் கரையிலேயே ஓர் இரவு கூடாரம் அடிக்க யோசிக்கிறோம். எந்த மாதம் நல்லது?

மூதூர்க்காரன்:
தம்பி, மாசி, பங்குனிதான். மார்கழி மழையில் எங்கும் வெள்ளம் பரந்து கிடக்கும், பறவைகள் சிதறிவிடும். மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கும். வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) திரும்பிப் போகுமுன் அந்தச் சேற்றில்தான் மேயும்.

ஆனால் கரையில் கூடாரம் வேண்டவே வேண்டாம். அதே மாசியில்தான் பெரும்போக நெல் விளைந்து நிற்கும், நெல்லுக்கு யானை இறங்கும். வயல் காவலுக்குப் போகிறவர்களே பரண்மேல்தான் படுப்பார்கள். மகாவலி கங்கையில் முதலையும் உண்டு. முகம் கழுவக்கூடப் பிள்ளையைத் தண்ணீரோரம் விடாதீர்கள். மூதூரில் அறை எடுத்துத் தங்கி, ஐந்தரைக்கு ஓட்டோவில் கிளம்பினால் போதும்.

மகளுக்கு மஞ்சள்மூக்கு நாரையைக் கட்டாயம் காட்டுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று, பாதி திறந்த அலகை உள்ளே விட்டு இடமும் வலமும் அசைக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறும். மீனைக் கண்ணால் தேடாது. அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கிண்ணியா டீச்சர்:
எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 தொலைநோக்கி வாங்குங்கள். பத்து மடங்கு என்றால் சின்னக் கையில் காட்சி ஆடும், பறவையைப் பிடிக்கவே முடியாது.

கூடாரத்தில்தான் தங்க வேண்டுமென்றால் தேசிய பூங்கா ஒன்றில் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: படத்துக்காகக் கூடுள்ள மரத்துக்குக் கிட்டப் போக வேண்டாம். தாய் எழும்பினால் குஞ்சு வெயிலில் வாடும், காகம் முட்டையைத் தூக்கிவிடும். இது நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம்.

உவர்மலை வாசி:
மிக்க நன்றி, அண்ணா, டீச்சர். அப்படியே அறை எடுக்கிறேன். வள்ளத்தில் போகலாமா?

மூதூர்க்காரன்:
எஞ்சின் வள்ளம் வேண்டாம், சத்தத்துக்கு எல்லாம் எழும்பிவிடும். துடுப்புத் தோணி என்றால் சரி, ஊர் மீனவர் ஒருவர் கூட வரட்டும். பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி நீங்களே கொண்டு வாருங்கள்.