மறு: ‘ரிப்பீட்டர்’ – தமிழில் என்ன சொல்லலாம்? ‘இடையேந்தி’ என்று ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழை தொடங்கிய நாளிலிருந்து ஒரு மடல் விடாமல் படித்து வருகிறேன். இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அருகலையை (வைஃபை) வாங்கி மீண்டும் அனுப்பும் ‘ரிப்பீட்டர்’ என்ற எந்தக் கருவிக்குப் பெயர் தேடுகிறீர்களோ, அதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாக எங்கள் தோட்டத்தில் நான் அலைந்துகொண்டிருந்தேன். முந்தாநாள் இரவுதான் அது சரியாக வேலை செய்யத் தொடங்கியது. அலைந்த அலைச்சல், பெயரைப் பற்றியும் எனக்குச் சிலவற்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஐந்து கட்டை (மைல்) தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பா காலத்தில் பால்மரம் (ரப்பர்). இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப்பனை). ஒளியிழை இணைப்பு பெரிய சாலையோரக் கடைவீடுகளோடு நின்றுவிட்டது. அவற்றில் ஒன்று என் தங்கையின் மளிகைக்கடை. கடையிலிருந்து கோயில் மண்டபம் 180 மீட்டர். அந்த மண்டபத்தில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் இரவு ஏழரை மணிக்குப் பாடம் படிக்கக் கூடுகிறார்கள். “பிள்ளைகள் படிப்பதற்குத்தானே அண்ணே, என் இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தங்கை சொல்லிவிட்டாள். அவள் கொடுத்தாலும் அலை வந்து சேரவேண்டுமே.

அருகலை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். நீர் நிறைந்த ஓலையும் மட்டையும் அதை விழுங்கிவிடும். செம்பனையை 30 அடி இடைவெளியில் முக்கோணமாக நடுகிறார்கள். மரம் வளர்ந்துவிட்டால் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூரை போட்டுவிடும். மழை விட்ட மாலையில் நிலைமை இன்னும் மோசம். அலையின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் அளக்கிறார்கள்; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக அலை வலுவிழக்கிறது. கடை வாசலில் மைனஸ் 45 டிபிஎம் காட்டிய கைப்பேசி, மண்டபத்தில் மைனஸ் 88 காட்டியது. இணைப்பின் பெயர் திரையில் தெரியும். தொட்டால் எதுவும் நடக்காது.

உள்ளங்கையில் அடங்கும் கையடக்கத் திசைவி (ரவுட்டர்) ஒன்றை வாங்கினேன். 5 வோல்ட் மின்சாரம் போதும், பவர்பேங்கில் ஓடும். முதலில் அதை மண்டபத்தில்தான் வைத்தேன். இணையம் வேண்டிய இடம் அதுதானே! பெட்டியின் மேல் ‘தூரத்தை நீட்டிக்கும்’ என்று எழுதியிருந்தது; நீட்டிக்கும் கருவியை, நீள வேண்டிய இடத்தில் வைத்தேன். விளக்கு எரிந்தது. பிள்ளைகளின் கைப்பேசிகளில் கோடுகள் எல்லாம் முழுதாக நின்றன. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. கருவியின் காதிலேயே மைனஸ் 88தான் விழுகிறது. தனக்குக் கேட்காததை அது எப்படி மற்றவருக்குச் சொல்லும்?

இதே தவற்றை எனக்கு முன்பே செய்தவர் எங்கள் லயத்தில் (தோட்டத்துக் குடியிருப்பு வரிசை) இருக்கிறார். அடுப்படியில் இணையம் வரவில்லை என்று, இதுபோன்ற கருவியை வாங்கி அடுப்படியிலேயே மாட்டினார். ஒரு வாரம் பார்த்துவிட்டு, பழுது என்று சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கருவியில் பழுதே இல்லை என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும். பழுது பெயரில் இருந்தது.

நண்பர்களே, அதனால்தான் இந்த இழையில் முன்மொழியப்பட்ட ‘அலைநீட்டி’யை நான் ஏற்க மறுக்கிறேன். சென்னை நண்பர் எழுதியிருந்தார்:

> நீட்டி என்பது எளிய சொல். எவருக்கும் உடனே புரியும்.

புரியும்தான், ஐயா. தவறாகப் புரியும். அங்கே எதுவும் நீள்வதில்லை. நீட்டுகிற பொருளை நாம் கடைசி முனையில் வைப்போம். கயிற்றுக்கு ஒட்டுப் போடுவதும் குழாய்க்கு ஒட்டுப் போடுவதும் முனையில்தான். பயன்படுத்துபவரைத் தவறான இடத்துக்கு அனுப்பும் சொல், எவ்வளவு எளிதாக இருந்தாலும் வேண்டாம்.

ஈப்போ ஆசிரியர் ஐயா தந்த ‘அலைபெருக்கி’யும் அப்படித்தான். பெருக்குதல் வேறு, திரும்பச் சொல்லுதல் வேறு. திருவிழா ஒலிபெருக்கியில் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். நம் கருவி அப்படிச் செய்வதில்லை. வந்த அலையிலிருந்து சுழியங்களையும் ஒன்றுகளையும் பிரித்து எடுக்கிறது, பிழையின்றி வந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறது, பிறகு புத்தம்புதிய அலை ஒன்றை எழுப்பி அவற்றை அதில் ஏற்றி அனுப்புகிறது. பழைய அலை அங்கேயே முடிந்துபோகிறது.

‘எதிரொலிப்பி’ அழகான சொல். ஆனால் எதிரொலி சொன்னவரிடமே திரும்பி வரும், அதுவும் தேய்ந்து வரும். இது முன்னே செல்கிறது, முழுதாகச் செல்கிறது.

யாழ்ப்பாண நண்பர் தந்த ‘அஞ்சல்’தான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. ஈழத்தில் கையிலிருந்து கைக்குக் கோல் மாற்றி ஓடும் போட்டியை அஞ்சல் ஓட்டம் என்கிறார்கள். ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்தல்’ என்று சொல்லிக் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் கருவிக்குப் பெயராக்க வரும்போது கை நடுங்குகிறது. ‘அலையஞ்சல்’ என்றால் ஏதோ மின்னஞ்சல் வகை என்று நினைப்பார்கள். மலேசியாவில் எங்களில் பலர் தமிழ்த் தட்டச்சு பழகியதே முரசு அஞ்சல் என்ற மென்பொருளில்தான். ‘அஞ்சல்’ எங்கள் காதில் வேறு பொருளில் ஊறிவிட்டது. இகர விகுதி சேர்த்து ‘அலையஞ்சலி’ ஆக்கினால் நாளிதழின் இரங்கல் பக்கம் நினைவுக்கு வந்துவிடும். நண்பரிடம் என் வேண்டுகோள்: செயலுக்கு ‘அஞ்சல் செய்தல்’ இருக்கட்டும், அதை நான் மனமார வரவேற்கிறேன். கருவிக்கு வேறு பெயர் பார்ப்போம்.

மலாய் மொழியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். திசைவியை ‘பெங்ஹாலா’ என்கிறார்கள். ‘ஹாலா’ என்றால் திசை. நாமும் திசை என்ற வேரிலிருந்தே ‘திசைவி’ செய்திருக்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. ரிப்பீட்டரை ‘பெங்குலாங்’ என்கிறார்கள், திரும்பச் செய்வது என்ற பொருளில். அதைப் பின்பற்றி ‘மறுகூறி’ என்று வைக்கலாம் என்றார் கிள்ளான் அக்கா. தவறில்லை. இருந்தாலும் கருவி செய்வதில் பாதியைத்தான் அது சொல்கிறது. எங்கே நின்று கூறுகிறது என்பதைச் சொல்லவில்லை.

அந்த ‘எங்கே’தான் எனக்கு முக்கியம். கடைக்கும் மண்டபத்துக்கும் நடுவே, ஏறக்குறைய 90 மீட்டரில், பழைய தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்மேடை நிற்கிறது. அதன் உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடையின் தகரக்கூரை, மறுபக்கம் கோயிலின் சிறு கோபுரம். அங்கே கைப்பேசி மைனஸ் 68 காட்டியது. மழைக்காக ஒரு பிஸ்கட் டின்னுக்குள் திசைவியை வைத்து மூடினேன். அலை அடியோடு நின்றுபோனது, உலோகம் அதை உள்ளேயும் விடாது வெளியேயும் விடாது. மறுநாள் தங்கையிடம் பிளாஸ்டிக் சோற்றுப்பெட்டி ஒன்றை வாங்கி, அடியில் இரண்டு துளை போட்டு, திசைவியையும் பவர்பேங்கையும் உள்ளே வைத்து, கம்பியால் மேடையில் கட்டினேன். கீழே இறங்கி மண்டபத்துக்கு நடந்தேன். மைனஸ் 69. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அறிவியல் காணொளியைத் தொட்டது, உடனே ஓடியது.

அந்த நிமிடம்தான் எனக்கு ஒன்று விளங்கியது. தூரத்தை நான் நீட்டவில்லை. ஒரு தூரத்தை இரண்டு அருகாக வெட்டினேன். ‘அருகலையைத் தூரத்துக்குக் கொண்டுபோனால் அது எப்படி அருகலை ஆகும்?’ என்று ஒருவர் இந்த இழையில் கேட்டிருந்தார். அது அருகலைதான், ஐயா. கடைக்குத் தொட்டிமேடை அருகு. தொட்டிமேடைக்கு மண்டபம் அருகு.

எனவே என் முன்மொழிவு: இடையேந்தி.

இடை, நடு. ஏந்தி, ஏந்துவது. ஐகாரத்தை அடுத்து உயிர் வருவதால் இடையில் யகர உடம்படுமெய். சட்டென்று நாவில் உருளும். ‘இடையேந்தியை எங்கே வைப்பது?’ என்று எவரும் கேட்கவேண்டியதில்லை, இடையில் வைக்கவேண்டும். முனையில் மாட்டியவருக்குப் பெயரே தவற்றைச் சுட்டிக்காட்டும்.

ஏந்துதல் ஏன்? எங்கள் மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி ஏந்துவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஒலிம்பிக் சுடரை ஏந்தி ஓடுபவர்களையும் பாருங்கள். முந்தையவரின் பந்தத்திலிருந்து அடுத்தவர் தன் பந்தத்தைக் கொளுத்திக்கொள்கிறார். பழைய நெருப்பைக் கொஞ்சம் பிய்த்து எடுப்பதில்லை, தேய்ந்ததை ஊதிப் பெரிதாக்குவதும் இல்லை. புதிய பந்தம், புதிய எரிபொருள், அதே சுடர். நம் கருவி அலையைக் கையாள்வதும் இப்படியேதான்.

தனிமடலில் இரண்டு மறுப்புகள் வந்தன. ‘ஏந்தி என்றால் கையேந்தி நினைவுக்கு வருகிறது’ என்பது ஒன்று. கை சேர்ந்தால்தான் அந்தப் பொருள். சுடரேந்தி என்றால் எவருக்கும் இரப்பவர் நினைவுக்கு வருவதில்லை. ‘ஏந்துதல் வாங்குவது மட்டும்தானே, கொடுப்பது எங்கே?’ என்பது மற்றொன்று. இது வலுவான கேள்வி. ஏந்துவதற்கு வாங்குதல், தாங்குதல், உயர்த்திப் பிடித்தல் ஆகிய மூன்று பொருளும் உண்டு. கொடுத்தல் என்ற பொருள் நேரடியாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உயர்த்திப் பிடித்த சுடர் அடுத்தவருக்காகத்தான் எரிகிறது என்ற அளவில் எனக்கு அது போதும். போதாது என்பவர்கள் இன்னும் நல்ல சொல் தந்தால் என்னுடையதை உடனே விலக்கிக்கொள்வேன்.

வேகம் ஏன் பாதியாகிறது என்று பினாங்கு தம்பி கேட்டிருந்தார். கடையில் வினாடிக்கு 40 மெகாபிட் வந்தது மண்டபத்தில் 18தான் வருகிறது. வெள்ளிக்கிழமை பஜனையை நினைத்துக்கொள்ளுங்கள், தம்பி. முன்னால் இருப்பவர் ஓர் அடி பாடுவார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடும்வரை அவர் நிறுத்துவார். அதே பாட்டுக்கு இரட்டை நேரம். ஒரே வானலைப்பகுதி (அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் உறுப்பு) கொண்ட இடையேந்தியும் ஒரே அலைவரிசையில் கேட்டுவிட்டுத்தான் சொல்லமுடியும், இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியாது. ஒரு பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ், மறுபக்கம் 2.4 என்று இரண்டு வானலைப்பகுதிகள் இருந்தால் காத்திருப்பு குறையும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டைகளிடையே இன்னும் சீக்கிரம் சோர்ந்துபோகும் என்பதால் எங்கள் தோட்டத்தில் நான் அதை முயலவில்லை.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லவேண்டும். இடையேந்தி என்பது பெட்டியின் பெயரன்று, பெட்டி செய்யும் வேலையின் பெயர். அதே கையடக்கத் திசைவியை விடுதி அறையின் இணையக் கம்பியில் செருகினால் அது வெறும் திசைவி. தொட்டிமேடையில் கட்டி, அமைப்புப் பக்கத்தில் முறையை மாற்றினால் இடையேந்தி. நம் சொல்தொகுப்பில் இதைக் கருவிகளின் கீழே போடாமல் ‘செயல்முறைகள்’ என்ற தலைப்பில் போட்டால் குழப்பம் வராது.

தோட்டத்தில் இச்சொல் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு: எண்ணெய்ப்பனை என்று தமிழகத்தில் சொல்லும் மரத்துக்குச் செம்பனை என்று எங்கள் மண்ணில் பெயர் நிலைத்துவிட்டது. சிவந்த குலையைக் கண்ட எவருக்கும் அகராதி தேவைப்படவில்லை. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தந்த ‘இணையம்’ இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. எல்லாச் சொல்லும் நிற்பதில்லை என்பதும் தெரியும். எங்கள் பட்டணத்தில் 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. கலாசாலை என்ற சொல் இன்று அந்தப் பெயர்ப்பலகையில் வாழ்கிறது, மற்ற இடமெல்லாம் பள்ளி ஆகிவிட்டது. புழங்குபவர்கள் கையில்தான் எல்லாம்.

மண்டபத்துச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்: பவர்பேங்கை எப்போது மாற்றுவது, விளக்கு அணைந்தால் யாரிடம் சொல்வது, மழை நாளில் என்ன செய்வது என்று. அதில் கருவியின் பெயருக்கான இடத்தை இன்னும் நிரப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்சடிக்கிறேன். அதற்குள் ஆசிரியர் ஐயாவும் யாழ்ப்பாண நண்பரும் கிள்ளான் அக்காவும் தங்கள் கருத்தை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். கூடவே, இரண்டு வலையமைப்புகளை ஒன்றாக இணைக்கும் ‘பிரிட்ஜ்’ முறைக்குப் ‘பாலம்’ என்றே வைத்துக்கொள்ளலாமா என்றும் சொல்லுங்கள். அந்தச் சொல்லும் அதே அமைப்புப் பக்கத்தில், இடையேந்திக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து