கீமோ நடுவில் முடிவெடுக்க வேண்டி வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கலைச்செல்வி:

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதை அழிக்க ஆறு மாதக் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் ட்ரிப்ஸ், கூடவே கேபசிடபின் மாத்திரை. வாந்தி, முடி கொட்டுவது என்றுதான் பயந்துகொண்டிருந்தோம். பிரச்சினை வந்தது விரலில்.

முதலில், குளிர்ச்சியாக எதைத் தொட்டாலும் சுருக்கென்று குத்தும், சில நாளில் போய்விடும். பாதி தாண்டியதும் போகவில்லை, மரத்தே கிடந்தது. அப்பா தையல்காரர். ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா, "சட்டைப் பட்டன் போட முடிகிறதா?" என்று கேட்பார். அப்பா "முடியுதும்மா" என்பார். பட்டன் போட்டுவிட்ட அம்மா பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

ஒருநாள் நான் போட்டு உடைத்துவிட்டேன். டாக்டர் அப்பாவிடம், கண்ணை மூடிக்கொண்டு மேஜையிலிருந்த குண்டூசியை எடுக்கச் சொன்னார். அப்பா எடுத்துவிட்டதாக நினைத்துக் கையைத் தூக்கினார். குண்டூசி மேஜையிலேயே இருந்தது.

வீடு இரண்டு கட்சியானது. "ஆறு மாசம்னா ஆறு மாசம்தான், நடுவுல விட்டு நாளைக்குத் திரும்பி வந்தா யார் பதில் சொல்றது?" என்றான் அண்ணன். "போதும், மனுஷனை விடுங்கடா" என்றார் அத்தை. இதில் அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். 2018-இல் வெளியான ஆய்வொன்றில் மூன்றாம் நிலைக்காரர்கள் 12,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்களாம். மூன்று மாதம் போதுமா, ஆறு வேண்டுமா என்பதுதான் கேள்வி. நோய் அவ்வளவாகப் பரவாதவர்களுக்கு, அப்பா எடுத்த இதே மருந்துகளில், மூன்று மாதமே கிட்டத்தட்ட அதே பலன். விரலை மரக்கவைக்கும் நரம்புக் கோளாறும் வெகுவாகக் குறைவு. நிணநீர்க் கணுக்கள் பலவற்றில் பரவியிருந்தவர்கள் விஷயத்தில் அத்தனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்பா இந்த இரண்டாவது ரகம். அதனால் அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்புறம்தான் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத வழியைச் சொன்னார்: விரலைக் கெடுப்பது ஆக்ஸாலிபிளாட்டின், அதை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையைத் தொடரலாம். சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். அப்பா உடனே, "கையில ஊசி இருக்கிறது எனக்குத் தெரியணும்மா. மாத்திரை எத்தனை வேணாலும் போட்டுக்கிறேன்" என்றார். அண்ணன் அதற்கு மேல் பேசவில்லை.

மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் மரப்பு கூடலாம் என்று அன்றே எச்சரித்தார். கூடவும் செய்தது. முன்பே தெரிந்திருந்ததால் வீட்டில் யாரும் யாரையும் பிடித்துக் கத்தவில்லை. இப்போது பட்டனை அவரே போட்டுக்கொள்கிறார், கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஊசியில் நூல் கோர்த்துத் தருவது நான்.

ரஹீம்:

எங்கள் அம்மாவுக்கு நுரையீரல், நான்காம் நிலை. முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டியது: இது குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா? பதில் தெரியாமல் வீட்டில் நடக்கிற சண்டை எல்லாம் வீண்.

வலி நிவாரணக் குழுவைப் பார்க்கச் சொன்னபோது, கைவிட்டுவிட்டார்கள் என்றே மாமா முடிவு கட்டிவிட்டார். அப்படியில்லை. கீமோவும் அதுவும் சேர்ந்தே நடக்கும். 2010-இல் வந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்கு அந்தக் கவனிப்பை ஆரம்பத்திலேயே கொடுத்தபோது, சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள், அதுவும் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாக எடுத்துக்கொண்டு. அம்மா மூச்சுத் திணறலில்லாமல் படுத்துத் தூங்கியது அந்தக் குழு வந்த பிறகுதான். மாமாவும் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

தேவி:

எங்களுடையது அவசரமாக எடுக்க வேண்டிய முடிவு. ஒவ்வொரு முறை கீமோ ஏற்றிய பிறகும் ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் பொதுவாக, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். "பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்ப்போம்" என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பார், எங்கள் வீட்டில் என் கொழுந்தனார். மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், உள்ளே தொற்று ஏறிக்கொண்டே இருக்கும். என் கணவரை அன்றிரவே சேர்த்தோம். அடுத்த தவணைக் கீமோவை ஒரு வாரம் தள்ளி, டோஸைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

கலைச்செல்வி, கேபசிடபின் போட்டபோது அப்பாவுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்ததா? என் கணவருக்கும் இப்போது அந்த மாத்திரைதான். டாக்டரிடம் சொல்லியிருக்கிறோம். வீட்டில் என்ன தடவினீர்கள் என்று சொல்லுங்கள்.