இடது கற்றைக் கிளை பேஸிங்: கதீட்டரின் வளைவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

கேள்வி

வணக்கம். மருத்துவக் கருவிப் பொறியியலில் முதுகலை படிக்கிறேன். இதயத்தின் மின்கடத்தல் மண்டலத்தையே நேரடியாகத் தூண்டும் பேஸிங் (மின்தூண்டலால் இதயத்தைத் துடிக்கவைத்தல்) முறைக்கான லீடுகளை, அதாவது பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குச் செல்லும் மின்கம்பிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். வலது கீழறையின் நுனியில் லீடைப் பொருத்தும் பழைய முறையில், லீடுக்குள் வளைத்த ஸ்டைலெட் (விறைப்பான மெல்லிய கம்பி) ஒன்றை நுழைத்துவிட்டால் போதும். வழிநடத்தத் தனியாக ஒரு கதீட்டர் (மெல்லிய குழாய்) தேவைப்படுவதில்லை. இடது கீழறைக்கு மின்தூண்டலைக் கொண்டுசெல்லும் இடது கற்றைக் கிளை என்று வந்தவுடன் வளைவு வகுக்கப்பட்ட கதீட்டரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். காரணம் என்ன? இன்னொன்றும் புரியவில்லை. உள்துளையற்ற 3830 மாதிரி லீடிலும் சரி, ஸ்டைலெட்டோடு வரும் சோலியா லீடிலும் சரி, முனையிலுள்ள திருகின் நீளம் 1.8 மி.மீ. மட்டுமே. அதை வைத்துக்கொண்டு, இரு கீழறைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 10 மி.மீ. தடிமனுள்ள இடைச்சுவரை வலப்புறமிருந்து, கிளை ஓடும் இடப்புறம் வரை எப்படிக் கடக்கிறார்கள்?

மறுமொழி 1

நான் இந்த லீடுகளைப் பொருத்தும் மருத்துவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது. சுவரைக் கடப்பது திருகு மட்டுமன்று. திருகு வழி திறக்க, அதன் பின்னால் லீடின் உடலும் சேர்ந்து தசைக்குள் நுழைகிறது. அப்படி நுழைய வேண்டுமானால் முனை சுவருக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், பின்னாலிருந்து உறுதியான தாங்கலும் வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் லீட் சுவரின் மேற்பரப்பை ஒட்டியே ஓடிவிடும். இதற்காக வளைவு வகுக்கப்பட்ட சி315 கதீட்டரின் முதல் வளைவு மூவிதழ் வால்வைத் தாண்டிக் கொண்டுசெல்கிறது. இரண்டாவது வளைவு முனையைச் சுவரை நோக்கித் திருப்புகிறது. ஹிஸ் கற்றை (இடது, வலது கிளைகளாகப் பிரியும் முன்னுள்ள மின்கடத்தல் தண்டு) தென்படும் இடத்திலிருந்து நுனியை நோக்கி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அதை நிறுத்துகிறோம்.

அதன் பிறகு எல்லாம் விரல்களின் வேலை. இடது கை கதீட்டரைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கை லீடை வேகமாக வலஞ்சுழியாகச் சுழற்றும். சில சுற்றுகளுக்குப் பின் விரலைத் தளர்த்தினால், லீட் தானாகவே எதிர்ப்புறமாகச் சுழல்வதைக் காணலாம். முழுவதும் திரும்பிவிட்டால் முறுக்கு லீடின் உடலிலேயே தேங்கியிருந்தது, முனை நகரவில்லை என்று பொருள். அந்நேரத்தில் மேலும் சுழற்றுவதைவிட இடத்தை மாற்றுவதே நல்லது. முனை உள்ளே போகப் போக, இதய மின்வரைபடத்தின் வி1 தடத்தில் டபிள்யூ வடிவ அலையின் நடுவிலிருந்த மேடு மெல்ல வலப்புறம் நகர்ந்து, கடைசியில் ஒரு சிறிய ஆர் அலையாக (மேல்நோக்கிய அலையாக) நிற்கும். முனையில் அளக்கும் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கான தடை) சட்டென்று சரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். முனை இடது கீழறைக்குள் எட்டிப் பார்க்கிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

மறுமொழி 2

மேலே டாக்டர் சொன்னதோடு பொறியியல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். 3830 லீடின் தடிமன் 4.1 ஃபிரெஞ்சு (ஒரு ஃபிரெஞ்சு என்பது மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு). அதில் திருகு நிலையாகவே வெளியே நிற்கிறது; ஆகவே உடல் சுழன்றால் திருகும் சுழலும். உள்துளை இல்லாததால் ஸ்டைலெட்டை நுழைக்க வழியில்லை. விறைப்பு முழுவதையும் கதீட்டரிடம் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 5.6 ஃபிரெஞ்சு தடிமனுள்ள சோலியாவுக்கு அந்த விறைப்பை ஸ்டைலெட் தருகிறது. ஸ்டைலெட்டின் வெளிமுனையில் மின்கம்பியைக் கவ்வவிட்டுச் சுழற்றும்போதே தொடர்ந்து தூண்டிப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஆனால் அதில் திருகை வெளித்தள்ளும் உட்சுருள், வெளியுறைக்குள் தனியாகச் சுழலக்கூடியது. வெளியுறையை மட்டும் சுழற்றினால் உட்சுருள் பின்தங்கித் திருகு உள்ளே இழுபட்டுவிடும். எங்கள் ஆய்வகத்தில் பன்றி இதயத்தின் இடைச்சுவரில் சோதித்தபோது, லீடின் வெளிமுனையிலுள்ள இணைப்பு ஊசியைக் கூடுதலாகச் சில சுற்று முறுக்கிப் பூட்ட நான் மறந்துவிட்டேன். பதினைந்து சுற்றுக்குப் பின் வெளியே இழுத்துப் பார்த்தால், திருகு உறைக்குள் ஒளிந்திருந்தது. உறையின் வாயில் மட்டும் ஒரு துணுக்குத் தசை ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டுவதற்கென்றே சிறிய கருவி எதற்கு என்பது அன்றுதான் விளங்கியது.

உங்கள் ஆய்வேட்டில் லீட் சுவரைவிட்டு வெளியேறும் இடத்துக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகளிலும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. லீடுக்குள் இருக்கும் கடத்திக் கம்பி அங்கே களைத்துப்போவதைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

மறுமொழி 3

ஒரு சிறு சேர்க்கை. நிலைவளைவுக் கதீட்டர் எல்லா இதயங்களுக்கும் பொருந்தாது. வலது மேலறை பெரிதும் விரிந்திருந்தால் வளைவு சுவரை எட்டாமல் அந்தரத்தில் நிற்கும். அப்போது வளைவை மாற்றத்தக்க கதீட்டர் வேண்டும். இம்முறையைப் பற்றி 2022இல் வெளியான மெலோஸ் என்ற ஐரோப்பிய நோயாளிப் பதிவேட்டில் இதயத்துடிப்புக் குறைவுக்காகப் பொருத்தியோரில் வெற்றி விகிதம் 92 சதவீதமாகவும், இதயச் செயலிழப்புக்காகப் பொருத்தியோரில் 82 சதவீதமாகவும் இருந்தது. அந்த இடைவெளியில் எட்டாத வளைவுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் கணிக்கிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. விரலைத் தளர்த்தியதும் லீட் எதிர்ச்சுழலும் அளவைக் கோணமாகப் பதிவு செய்து, முனை எவ்வளவு ஆழம் போயிற்று என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா?

மறுமொழி 2

தாராளமாகச் செய்யலாம். கதீட்டருக்குள் ஏற்படும் உராய்வையும் தனியாக அளந்து கழித்துக்கொள்ளுங்கள். இரட்டை வளைவில் அது சிறியதாக இராது.