கோடை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் வாரம்: அனுபவப் பகிர்வு

கட்டுமானத் தளப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்:

வெயில் இன்னும் இறங்கல, லீவு முடிஞ்சு எல்லாரும் வேலைக்குத் திரும்புறாங்க. இந்த முதல் வாரத்துல உங்க உங்க தொழில்ல என்ன பார்க்குறீங்க, எது கெட்டுப்போகுது, எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு எழுதுங்க. வெட்டவெளி வேலையில இருந்து நான் ஆரம்பிக்கிறேன்.

தளத்துல முதல் நாள் காலையில கேட்கிற பேச்சு இதுதான்: "இத்தனை வருஷமா இந்த வெயில்லதானே கிடக்குறோம், எங்களுக்கு என்ன ஆயிடும்?" ஆகும். தொழில் கையை விட்டுப் போகாது. ஆனா வெயிலைத் தாங்குற பழக்கம் உடம்பை விட்டுப் போயிடும். தொடர்ந்து 7 முதல் 14 நாள் வெக்கையில வேலை செஞ்சா ரத்தத்துல நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே தொடங்கி நிறைய வரும், அதுல வெளியேறுற உப்பு குறையும். அதே பாரத்தைத் தூக்க நெஞ்சு அவ்வளவு அடிச்சுக்காது. ஒரு வாரம் நிழல்லயோ ஏசியிலயோ இருந்தாலே இதெல்லாம் கரைய ஆரம்பிச்சுடும். ஒரு மாசம் ஆச்சுன்னா ஏறக்குறைய மொத்தமும் போயிடும்.

அமெரிக்காவோட பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் இதுக்கு ஒரு அளவு சொல்லியிருக்கு. அந்த வேலையில ஏற்கெனவே பழகினவங்க திரும்பி வந்தா, வெக்கையில இருக்கிற நேரம் முதல் நாள் 50 சதவீதம், இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழுசா. புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் 20 சதவீதம், அப்புறம் ஒவ்வொரு நாளும் 20க்கு மேல ஏத்தக் கூடாது. 8 மணி நேர வேலைன்னா பழையவருக்கு முதல் நாள் வெயில்ல 4 மணி நேரம்தான். மிச்ச 4 மணி நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பணும்னு அவசியமில்ல. கருவி சரிபார்க்கிறது, கம்பி அளந்து குறிக்கிறது, சாமான் கணக்கெடுக்கிறதுன்னு நிழல்ல செய்ய வேண்டியது எப்பவும் கிடக்கும். ஒரு மாசத்துக்கு மேல போயிட்டு வந்தவரை நான் புதியவர் கணக்குலதான் வைப்பேன்.

இதுல தப்பு நடக்கிற இடங்கள் எனக்குத் தெரிஞ்சு மூணு. ஒண்ணு, "பாதி நாள்"னு சொல்லி மதியத்துப் பாதியைக் கொடுத்துடுறாங்க. காலைப் பாதியைத்தான் கொடுக்கணும். இரண்டாவது, நேரத்தைக் குறைச்சுட்டு, தேங்கிக் கிடக்கிற கான்கிரீட் வேலையை அதே நேரத்துக்குள்ள முடிக்கச் சொல்றது. வேகமா வேலை செஞ்சா உடம்பு உள்ளேயே சூடு உண்டாக்கும், அப்புறம் நேரத்தைக் குறைச்சதுல பலன் இல்ல. மூணாவதுதான் மோசமானது: செஞ்ச அளவுக்குக் கூலி. இந்த முறையில வேலை செய்யறவர் தானா ஓய்வு எடுக்கவே மாட்டார், எடுத்தா அன்னிக்கு வருமானம் போச்சு. முதல் நாலு நாளாவது நாள் கூலியா மாத்திக் கொடுங்க. இதை ஒப்பந்ததாரர்கிட்ட முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிடணும், அன்னிக்குக் காலையில பேசினா நடக்காது.

தண்ணி விஷயம்: 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம். அதுக்காக ஒரே மூச்சா லிட்டர் கணக்குலயும் குடிக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 1.4 லிட்டருக்கு மேல போனா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், அதுவும் உயிருக்கு ஆபத்து. தண்ணி கேன் வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல இருக்கணும். மூணாவது மாடியில சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்துறதுக்கான பலகைத் தாங்கல்) அடிக்கிறவர் கீழே இறங்கி வந்து குடிக்க மாட்டார்.

தொழிற்சாலை மருத்துவ அறைச் செவிலியர்:

மேற்பார்வையாளர் சார் சொன்ன முதல் நான்கு நாட்களில்தான் எங்கள் அறைக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, கொட்டும் வியர்வை, ஆனால் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார் என்றால் அது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்க வைத்து, காலணியைக் கழற்றி, உடையைத் தளர்த்தி, மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுக்கலாம். தனியாக விடக் கூடாது. அன்று திரும்ப வேலைக்கு அனுப்பவும் கூடாது.

பேச்சு குழறினால், இடம் தெரியாமல் விழித்தால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். "வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலர் நம்புகிறார்கள். உடலுழைப்பில் இருப்பவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அது வரும். ஆகவே தோலைப் பார்க்காதீர்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இன்று என்ன கிழமை, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கும் நிமிடங்களில்தான் மூளையும் சிறுநீரகமும் கெடுகின்றன. பெரிய தொட்டியும் பனிக்கட்டியும் இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை குளிர்நீரில் இறக்குவது மிகச் சிறந்தது. இல்லையென்றால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத்துணிகளைப் போட்டு, அவை சூடேறியதும் மாற்றிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் பனிக்கட்டிப் பொட்டலம் வையுங்கள். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இதில் வேலை செய்யாது.

இன்னொன்று மாத்திரைகள். சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் ரத்த அழுத்த மாத்திரைகள், பீட்டா பிளாக்கர்கள் (இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகள்), சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில மருந்துகள், மனநல மருந்துகளில் சில ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். விடுமுறையில் மருந்து மாறியிருந்தால் முதல் நாளே மருத்துவ அறையில் சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் கைவசம் இல்லாதபோது: 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அளந்தால் உப்பு கூடிவிடும், அது நல்லதல்ல.

அலுவலக ஊழியர் ஒருவர்:

நாங்க ஏசிக்குள்ள உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்க. எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்:

பேருந்தில் நின்று வந்து மாடிப்படி ஏறுகிற வரைக்கும் உங்களுக்கும் பொருந்தும். உள்ளே வந்த பிறகு கவனிக்க வேண்டியது வேறு: மூடிக் கிடந்த கட்டடம். முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பலர் ஏசியிலிருந்து தொடங்குகிறார்கள், அது சரியல்ல என்பது என் எண்ணம்.

கோடையில் இரண்டு மூன்று வாரம் ஓடாமல் நின்ற குழாய் நீர் வெதுவெதுப்பாகிவிடும். 20 முதல் 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும் வெப்பநிலை. குடிப்பதைவிட, தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. நுரையீரல் அழற்சி வரும். ஆகவே திறப்பதற்கு முந்தின நாளே, யாரும் இல்லாதபோது, ஒவ்வொரு குழாயையும் தெறிக்காதபடி மெதுவாகத் திறந்து ஓட விடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஓட விடுவது நல்லது. எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள்: நீரின் சூடு மாறி நிலையாகும் வரை, குறைந்தது 5 நிமிடம். தொட்டிக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கிக் கடைசிக் குழாயில் முடிக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியை அணைத்துவிட்டுப் போயிருந்தால் 60 டிகிரிக்கு ஏற்றி, கடைசிக் குழாயிலும் 50 டிகிரிக்குக் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். கை வைக்காமல் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். குடிநீர் எந்திரத்தில் தேங்கிய நீரை வடித்துவிட்டு, வடிகட்டியின் தேதியைப் பாருங்கள்.

கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே பிளம்பரைக் கூப்பிட வேண்டாம். கழிவுக் குழாயின் வளைவில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான் கீழிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. வெக்கையில் அது வற்றிப்போயிருக்கும். தரையில் உள்ள ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் அதன்மேல் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவைத்தால் ஆவியாவது குறையும்.

பூச்சட்டித் தட்டு, ஏர்கூலர் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு மூன்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒன்றரை வாரம்கூட எடுக்காது. தண்ணீரை மட்டும் கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும், அதனால்தான் தேய்க்கச் சொல்கிறேன்.

ஏசி மெக்கானிக்:

அண்ணன் தண்ணியைச் சொல்லிட்டார், நான் ஏசியைச் சொல்றேன். முதல் நாள் காலையில வர்ற போன்ல பாதி ஒரே புகார்: "16ல வச்சிருக்கேன், ரூம் கூலாகல." 16ல வச்சா சீக்கிரம் கூலாகாது. சாதா (இன்வெர்ட்டர் இல்லாத) கம்ப்ரஸர் 16லயும் 24லயும் ஒரே வேகத்துலதான் ஓடும், நிக்கிற நேரம்தான் வேற. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த ரூம்ல சுவர், மேசை, அலமாரி எல்லாமே சூடேறிக் கிடக்கு. அந்தச் சூடு இறங்கணும். வெயில் ஏறும் முன்னாடி சன்னலைத் திறந்து ஃபேன் போட்டு 15 நிமிஷம் பழைய காத்தை வெளியேத்துங்க. அப்புறம் மூடிட்டு 25, 26ல போடுங்க, ஃபேனும் மெதுவா சுத்தட்டும். ஆள் வர்றதுக்கு இரண்டு மணி நேரம் முன்னாடி ஓட ஆரம்பிச்சா போதும்.

போடறதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டிப் பச்சைத் தண்ணியில கழுவி நிழல்ல காய வைங்க. வெளி யூனிட் மேல அட்டை, சருகு, கூடு எதுவும் அடைச்சிருக்கான்னு பாருங்க. டிரெயின் டியூப்ல கொஞ்சம் தண்ணி விட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் சொட்டலைன்னா உள்ளே பாசி கட்டியிருக்கு, ஒரு மணி நேரத்துல தண்ணி சுவர்ல இறங்கும்.

சரியா ஓடுதான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன தெர்மாமீட்டர் போதும். 15 நிமிஷம் ஓடினப்புறம் உள்ளே இழுக்கிற இடத்துல ஒரு அளவு, காத்து வெளியே வர்ற இடத்துல ஒரு அளவு எடுங்க. வித்தியாசம் 8லேருந்து 12 டிகிரி இருந்தா மெஷின் நல்லா இருக்கு. ரொம்பக் குறைவா இருந்தாலோ உள்ளே இருக்கிற காயில்ல (காத்தைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருள்) ஐஸ் கட்டினாலோ, காத்து போகாம அடைப்பு இருக்கணும், இல்ல குளிர்விக்கிற கேஸ் குறைஞ்சிருக்கணும். ஐஸைக் கத்தியால சுரண்டாதீங்க, காயில் ஓட்டையாயிடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மட்டும் ஓட விட்டா உருகிடும். கேஸ் தானா தீர்ந்துபோற சாமானும் இல்ல. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ லீக். லீக்கை அடைக்காம கேஸ் மட்டும் ஏத்துறவருக்குக் காசு கொடுக்காதீங்க.

பணிநேர அட்டவணை போடுபவர்:

ஆள் வந்துடுவாங்க, தூக்கம் வராம வருவாங்க. ராத்திரி ஒரு மணிக்குப் படுத்துப் பழகினவங்களை முதல் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குற ஷிப்ட்ல போட்டா மதியம் கவனக்குறைவுல மெஷின்ல கை மாட்டிக்கும். முடிஞ்சா முதல் இரண்டு நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்குற ஷிப்ட் கொடுங்க.

வீட்டுல செய்ய வேண்டியது: சீக்கிரம் படுக்கிறதை விட்டுட்டு, சீக்கிரம் எழுந்திருக்கிறதுல இருந்து தொடங்கணும். எழுந்திருக்கிற நேரத்தை ஒவ்வொரு நாளும் அரை மணியோ ஒரு மணியோ முன்னாடி நகர்த்துங்க, எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சத்துல இருங்க. மதியத்துக்கு அப்புறம் காபி வேண்டாம், குடிச்ச காஃபின்ல பாதி கரையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். படுக்கிறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில குளிங்க. வெக்கையில யாருக்கும் இது பிடிக்காது, ஆனா ஐஸ் தண்ணி ஊத்தினா தோல்ல ரத்தக்குழாய் சுருங்கி உள் சூடு உள்ளேயே நிக்கும். உள் சூடு இறங்கினாத்தான் தூக்கம் வரும்.

அலுவலக ஐடி உதவியாளர்:

சுருக்கமா என் பங்கு. மூடின வீட்டுலயோ கார்லயோ கிடந்த லேப்டாப்பைக் கொண்டுவந்த உடனே சார்ஜ் போடாதீங்க. அறைச் சூட்டுக்கு வரட்டும். டச்பேட் மேல தள்ளியிருந்தாலோ மூடி சரியா மூடலைன்னாலோ பேட்டரி உப்பியிருக்கு, சார்ஜே போடாம எங்ககிட்ட கொடுங்க. அப்டேட்டையும் காலாவதியான பாஸ்வேர்டையும் முந்தின நாள் சாயங்காலமே முடிச்சுடுங்க. "விடுப்பில் இருக்கிறேன்"ங்கிற தானியங்கிப் பதிலை வேலைக்கு வந்த நாளும் ஓட விடுங்க, அன்னிக்குப் பழைய மெயிலைப் பார்க்க நேரம் கிடைக்கும். மெயிலைத் தேதி வரிசையில பார்க்காம தலைப்பு வாரியா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் கடைசி மெயிலை முதல்ல படிங்க. பெரும்பாலான பிரச்சினை நீங்க இல்லாமலே முடிஞ்சிருக்கும். யூபிஎஸ் பேட்டரியையும் ஒருதடவை சோதிங்க. லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதி ஆயுளை இழக்கும். ஏசி அணைச்ச ரூம்ல கோடை முழுக்க இருந்ததை நம்ப முடியாது.

அலுவலக ஊழியர் ஒருவர்:

நன்றி. தளத்து அண்ணனுக்கு ஒரு கேள்வி: நாலாம் நாள் முழு நேரத்துக்கு வந்தாச்சு, நடுவுல சனி ஞாயிறு வந்தா திங்கட்கிழமை மறுபடி 50லேருந்தா?

கட்டுமானத் தளப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்:

இல்லைங்க, இரண்டு நாள் லீவுல பழக்கம் போயிடாது, விட்ட இடத்துல தொடரலாம். நடுவுல காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவரை மட்டும் தேறி வந்ததும் 50ல இருந்து தொடங்க வைங்க. திடீர்னு வெயில் அஞ்சாறு டிகிரி ஏறினா, லீவே போகாதவங்களுக்கும் அந்த இரண்டு மூணு நாள் நேரத்தைக் குறைக்கணும், பழகினது பழைய வெயிலுக்குத்தான். முதல் வாரத்துல யாரையும் தனியா வேலைக்கு விடாதீங்க. திரும்பி வந்தவரோட, லீவுக்குப் போகாம இருந்தவரை ஜோடி போட்டு, அரை மணிக்கு ஒரு தடவை பேச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. செவிலியர் அக்கா சொன்ன கிழமைக் கேள்வியை இன்னிக்கே எல்லா ஜோடிக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன்.