அக்னாஸ்டிக்: ‘அறுதியிடார்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அக்னாஸ்டிக், அதாவது கடவுளும் மறுமையும் உண்டென்றோ இல்லையென்றோ முடிவு சொல்லாதவர், என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘அறியொணாவாதி’, ‘ஐயவாதி’ இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

அப்பாவின் பதினாறாம் நாளன்று என் மகள், “தாத்தா இப்ப எங்கே இருக்காரு?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியலைம்மா” என்றேன். பக்கத்திலிருந்த பெரியப்பா, “இவன் நாத்திகனாயிட்டான்” என்றார். நாத்திகர் ‘இல்லை’ என்று சொல்கிறவர். அவரிடம் ஒரு முடிவு இருக்கிறது. என்னிடம் அதுவும் இல்லை. பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல அன்று என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை.

‘அறியொணா’ நம் காதில் பக்திப் பாடல்களின் சொல். சம்பந்தர் தம் பதிகங்களின் ஒன்பதாம் பாட்டில், பிரமனும் திருமாலும் தேடிக் காணாத சிவனைப் பாடுவார். அறிவுக்கு எட்டாதவன் என்பது அங்கே புகழ்ச்சி. ஐயவாதியை, எதையும் ஐயுற்றுப் பார்க்கும் ஸ்கெப்டிக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ‘அஞ்ஞானவாதி’ வேண்டவே வேண்டாம்; பழைய கிறித்தவத் தமிழில் அஞ்ஞானி என்றால் வேற்று மதத்தவர்.

சரி, அக்னாஸ்டிக் என்ற சொல்லைப் படைத்த ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி என்ன நினைத்தார்? 1869-இல் அவர் அதை உருவாக்கினார். ஆனால் அதன் வேர் 1860-இல் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தச் செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல் செங்காய்ச்சலில் இறந்தான். நான்கு வயது நிறையவில்லை. பாதிரியாரான சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆறுதல் சொல்லி எழுதினார். ஹக்ஸ்லியின் பதில் நீளமானது. ஆன்மா அழியாதது என்பதை அவர் மறுக்கவும் இல்லை, உறுதி சொல்லவும் இல்லை. நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று காட்ட வழியும் இல்லை என்கிறார். மரித்தோர் எழுந்திராவிட்டால் உண்போம், குடிப்போம் என்ற வேத வசனத்தை, அடக்கம் செய்துவைத்த பாதிரியார் சவப்பெட்டி அருகே வாசித்தபோது ஹக்ஸ்லி கொதித்துப்போனார். குட்டியை இழந்த குரங்குகூட அப்படிச் செய்யாதே என்று எழுதுகிறார். மறுமை நிச்சயமில்லை என்பதால் அவருக்கு வாழ்க்கை வெறுமையாகவில்லை. அன்புதான் தனக்கு ஆழ்ந்த பொறுப்புணர்வைத் தந்தது என்று அதே கடிதத்தில் சொல்கிறார்.

இதைப் படித்தபோது முதலில் ‘தேறாமை’ என்ற சொல் தோன்றியது. தேறல் என்றால் ஐயம் நீங்கித் தெளிதல். தேறுதல் என்றால் ஆறுதலும்கூட. தெளிவும் ஆறுதலும் நம் மொழியில் ஒரே வேரில் நிற்கின்றன! தெளிவு கிடைக்காத இடத்தில் ஆறுதலை மட்டும் வாங்கிக்கொள்ள மறுத்த அந்தத் தகப்பனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஆனால் ‘தேறாதவர்’ என்றால் இன்று பரீட்சையில் தோற்றவர். மனமில்லாமல்தான் விட்டேன்.

‘துணியாமை’யும் அப்படித்தான். அகப்பொருள் இலக்கணத்தில் காட்சி, ஐயம், துணிவு என்று வரும். அங்கே துணிவு என்றால் முடிவுக்கு வருதல். இன்றைய வழக்கில் துணியாதவர் கோழை.

அதனால் ‘அறுதியிடாமை’ என்று முன்மொழிகிறேன். நிறுவப்படாத ஒன்றை உறுதியென்று சொல்லாதிருப்பது. இது ஒரு மதம் அல்ல, ஒரு முறை என்றே ஹக்ஸ்லி பின்னாளில் விளக்கினார். எனவே வாதம், இயம் எதுவும் சேர்க்காமல் ‘அறுதியிடா நெறி’ எனலாம். ஆளுக்கு, கல்லார், கேளார் போல ‘அறுதியிடார்’. தன்மையில் ‘அறுதியிடேன்’. ஒரே சொல்லில் முழு வாக்கியம் அமைந்துவிடுகிறது. வேறெந்தப் பரிந்துரையிலும் இந்த வசதி இல்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நேற்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “இடேன்னா என்னப்பா?” என்றாள். எதிர்மறை வினைமுற்று பேச்சில் ‘மாட்டேன்’ ஆகிவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தைக்கும் புரிகிற சொல் யாருக்காவது தோன்றினால் இதைத் தயங்காமல் விட்டுவிடுகிறேன்.