வின்ஸ் கார்ட்டர் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

2024 நவம்பரில் ரொறன்ரோ கூடைப்பந்து அணியான ரப்டர்ஸ் அவருடைய 15ஆம் இலக்கத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், இனி அந்தச் சட்டையை அங்கே வேறு யாரும் போடப்போவதில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்த என் வயதுப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து என்றாலே முதலில் இவர்தான். 1998இல் NBA லீக்கின் புதுமுகத் தெரிவில் கோல்டன் ஸ்டேட் அணி ஐந்தாவதாகத் தெரிவுசெய்து அன்றைக்கே ரொறன்ரோவுக்கு மாற்றிவிட்ட ஆள், முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். எங்களுக்குக் கட்டுப்படியானது மேல் வரிசை டிக்கெட்தான். அங்கிருந்து பார்த்தாலும் டிவியில் பிடிபடாத ஒன்று பிடிபட்டது: அவரோடு சேர்ந்து எழும்பின தடுப்பாட்டக்காரர் இறங்கத் தொடங்கியிருப்பார், இவர் இன்னும் மேலே இருந்துகொண்டு பந்தை எந்தக் கைக்கு மாற்றலாம் என்று யோசிப்பது போல இருக்கும்.

2000ஆம் ஆண்டு ஓக்லண்டில் நடந்த டங்க் (எழும்பிப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிப்பது) போட்டியை டிவியில்தான் பார்த்தேன். வளையத்துக்குள் முழங்கை வரை விட்டுத் தொங்கியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட, அப்போது அவரோடு ஒரே அணியில் ஆடிய ட்ரேசி மெக்ரேடி நிலத்தில் குத்திக் கொடுத்த பந்தை அந்தரத்தில் பிடித்து, காலுக்கு நடுவால் கை மாற்றிப் போட்டாரே, அதுதான் பெரிது. பந்து எழும்பும் நேரமும் இவர் எழும்பும் நேரமும் கொஞ்சம் பிசகியிருந்தாலும் எல்லாம் கெட்டிருக்கும்.

*

அண்ணா, நான் 2014 நவம்பர் ஆட்டத்துக்குப் போனேன், அப்போது அவர் மெம்பிஸ் அணியில். 2004 கடைசியில் ரொறன்ரோவை விட்டு நியூ ஜேர்சி அணிக்குப் போனதிலிருந்து, அவர் இங்கே வந்து பந்தைத் தொட்டாலே சனம் கூ அடிக்கும். 2001இல் பிலடெல்பியாவுடனான ப்ளேஓஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தன்று காலையில் தன்னுடைய பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்குப் போனார், பின்னேரம் கடைசி எறி வளையத்தில் பட்டு வெளியே போய் ஒரு புள்ளியால் தோற்றோம் என்ற கோபமும் அதோடு சேர்ந்திருந்தது. அந்தப் பட்டமளிப்பால்தான் எறி தவறியது என்பதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை, அதே தொடரில் ஒரு ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்தவர் அவர். சரி, 2014க்கு வருகிறேன். முதல் கால்பகுதியில் டைம்-அவுட்டுக்கு ஆட்டம் நின்றபோது அவருடைய பழைய டங்குகளைத் திரையில் ஓடவிட்டார்கள், கூ அடித்துக்கொண்டிருந்த அரங்கு அப்படியே எழும்பி நின்று கைதட்டியது, அவர் அழுதுவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த மாமாவும் அழுதார்.

*

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். நீங்கள் பார்த்த வின்ஸ் வேறு, நான் எங்கள் ஊர் அணியில் பார்த்தவர் நரைத்த தாடியோடு பெஞ்சில் இருந்து எழும்பி வந்து சின்னப் பெடியன்களுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று கை காட்டியவர். 2018 நவம்பரில் 41 வயதில் 25,000ஆவது புள்ளியை டங்க் போட்டே எடுத்தார், எதிரணி யார் தெரியுமா? உங்கள் ரொறன்ரோதான்! அப்புறம் 2020 மார்ச் 11. கொரோனாவால் லீக்கையே நிறுத்துகிறார்கள் என்ற செய்தி ஆட்டத்தின் நடுவிலேயே பரவிவிட்டது, கடைசி விநாடிகளில் அவரை உள்ளே அனுப்பினார்கள், நியூயோர்க் வீரர்கள் விலகி நின்று வழிவிட, மூன்று புள்ளி எறிந்தார், உள்ளே போனது. அதுதான் 22 பருவங்களின் கடைசி எறி. சாம்பியன் பட்டம் இல்லை என்று சொல்லி அவரைக் குறைப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

சிட்னியில் இருப்பவர்கள் யாராவது 2000 ஒலிம்பிக்கில் அவர் 2.18 மீட்டர் உயர பிரெஞ்சுக்காரர் வெய்ஸின் தலைக்கு மேலால் தாண்டியதை அரங்கில் இருந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.